விளக்கை அணைக்காத காசிம் நானா

காசிம் நானா இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து லாரி டிரைவர். நான் அப்போது லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில், பேச்சியின் காம்பரா அறையில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை பிறந்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை. ஃபாக்டரியிலிருந்து லிந்துலைக்குப் போன் போட்டாயிற்று, நானாவின் கார் புறப்பட்டுவிட்டது என்று பதிலும் வந்தாயிற்று. ஹாரன் சத்தம் கேட்க வேண்டியதுதான் பாக்கி. பேச்சியின் வயிற்றை அமுக்கிப் பிடித்தபடி காதை வெளியே வைத்திருந்தேன். ஹாரனுக்குப் பதிலாக லாரி வந்து நிற்கும் சத்தமும் காலடிச் சத்தமும்தான் வந்தன. டிரைவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானா காரு பள்ளத்துல போயிருச்சுங்க மிஸ்ஸி. கீழ எறங்கிப் பாத்தேன். மூச்சு இல்லீங்க."

இந்த டிரைவரைச் சந்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை எழுதினால் அவருடைய வேலையும் போகும், லயமும் போகும். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

லிந்துலைக் கடைவீதியில் காசிம் நானாவோடு தேநீர் குடித்தவர்களும், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அவருடைய காரில் பிரசவத்துக்குப் போனவர்களும் இதைப் படிப்பீர்கள். ஜனாஸா ஊர்வலத்துக்கு வந்திருந்த கூட்டத்தில் பலருக்கும் அவர் எப்படிப் போனார் என்று தெரியாது. விசாரணையில் எழுதப்பட்டது மட்டும் தெரியும். பனிமூட்டம், கார் டிரைவரின் கவனக்குறைவு. காசிம் நானாவின் பெயருக்குப் பக்கத்தில் கவனக்குறைவு என்ற சொல்லா! அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் தோட்டத்து மருத்துவச்சி. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் மிஸ்ஸி. காசிம் நானா லிந்துலையில் வாடகைக்கு ஓடும் ஹயரிங் கார் வைத்திருந்தவர். தம்பி புடவைக்கடை பார்த்தார், இவர் கார் ஓட்டினார். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்று கூப்பிடுவது இங்கே வழக்கம். என் வாயில் அது வெறும் வழக்கமாக இருக்கவில்லை. கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் எனக்கு இருந்திருந்தால்கூட அந்த மலைப்பாதையில் இத்தனை முறை இருட்டில் வந்து நின்றிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பொழுது சாய்ந்துவிட்டால் தோட்டத்துப் பக்கம் கார் வராது. ரோட்டு சரியில்லை, பிரேக் சரியில்லை, கண்ணு சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். நானா மட்டும் வருவார். ஏன் நானா ராத்திரி வண்டியை மட்டும் இப்படிக் கட்டி அழுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பகல்ல எல்லாரும் ஓட்டுறாங்க மிஸ்ஸி. யாவாரம்னா போட்டி இல்லாத எடமாப் பாத்து உக்காரணும்" என்றார். அவர் தம்பி கடைக்குள்ளிருந்து, "நல்ல யாவாரம்! ஹயர் காசுக்குப் பதிலாப் போன மாசம் பூசணிக்கா வாங்கிட்டு வந்தாரு" என்றார். நானாவுக்கு வெட்கமே இல்லை. பூசணிக்காய் நல்ல பூசணிக்காய் என்றார்.

அவருடைய பழக்கங்களில் ஒன்று எல்லோருக்கும் எரிச்சல் மூட்டியது. கார் லயத்துக்கு வந்து சேரும். நோவு எடுத்த பெண்ணைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஏற்றுவார்கள். நானா உடனே புறப்பட மாட்டார். லாந்தரைத் தூரக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருமுறை பெண்ணின் மாமனார் பொறுக்க முடியாமல் காரின் கூரையைத் தட்டினார். "என்னங்க, தொழுவுறீங்களா? புள்ள துடிக்குதுங்க!"

"தொழுகை முடிஞ்சிருச்சு ஐயா. கண்ணுக்குத்தான் இன்னம் இருட்டு பழகல்ல. லாந்தரப் பாத்த கண்ணோட எடுத்தா முதல் முடக்கு தெரிய ஏலாது."

முடக்கு என்பது ரோட்டு வளைவு. எங்கள் பாதையில் முடக்கு முடியும் இடத்தில் அடுத்த முடக்கு தொடங்கும். அந்த மாமனார் முணுமுணுத்துக்கொண்டே லாந்தரை முந்தானையால் மறைக்கும்படி தன் மனைவியிடம் சொன்னார். கண் பழகியதும் நானா இறங்கி, விளக்குக் கண்ணாடிகளை ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் கியர் போட்டார்.

ஒரு பனிக்காலத்தில் ஆறுமுகத்தின் மனைவியை ஏற்றிக்கொண்டு போனோம். பாதி வழியில் பனிமூட்டம் வந்து மூடிக்கொண்டது. பெரிய விளக்கைப் போட்டால் எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக நிற்கிறது, அணைத்தால் ஒன்றுமே இல்லை. நானா காரை நிறுத்தி, வெளிச்சத்தைத் தரையைப் பார்க்க இறக்கினார். ஆறுமுகத்தை இறங்கச் சொல்லி, அவருடைய வெள்ளைத் துண்டை விரித்து முதுகில் போட்டு, இடது ஓரத்துப் புல்லை மிதித்தபடி முன்னால் நடக்கச் சொன்னார். அந்த வெள்ளையைப் பிடித்துக்கொண்டு கார் பின்னால் ஊர்ந்தது. பெண்டாட்டியின் முனகல் கேட்கக் கேட்க ஆறுமுகத்துக்குக் கால் ஓட்டமாக மாறியது. துண்டு பனியில் மறைந்துவிட்டது. நானா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தம்பி, புள்ள பொறக்கிற நேரத்துல வாப்பா காணாமப் போகக் கூடாது. மெதுவா நடங்க" என்று கத்தினார். உள்ளே வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். அன்று ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது ஆறுமுகத்தின் கால்களில்தான் அட்டை கடித்து இரத்தம் வழிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசிம் நானா ராத்திரி முடக்கைப் பகல் முடக்கைவிட நம்பினார். எனக்கு அது விளங்கவில்லை. பகலில் ஒருநாள் லிந்துலையிலிருந்து வரும்போது விளக்கினார். "பகல்ல எதிர்ல வர்றவன் முடக்குல திடீர்னு மொளைப்பான். ராத்திரி அப்பிடி வர ஏலாது. அவனுக்கு முந்தி அவனோட வெளிச்சம் வந்து சலாம் சொல்லிரும். மரத்துல படும், மண்ணுல படும். நான் அப்பவே ஒதுங்கிருவேன். எதிர் வெளிச்சத்தக் கண்ணால பாக்கக் கூடாது, எடது ஓரத்தப் பாக்கணும். லைட்டு நாம பாக்கிறதுக்கு மட்டும்னு நெனைக்கிறாங்க மிஸ்ஸி. பாதி லைட்டு அடுத்தவனுக்கு."

இந்த நம்பிக்கை செல்லாத ஒரே இடம் எங்கள் தோட்டத்தில் இருந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவுக்குக் கீழே உள்ள முடக்கு.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். முன்னொரு காலத்தில் இங்கே இருந்த வெள்ளைக்காரத் துரையின் தூக்கத்தை, முடக்கில் திரும்பிய லாரியின் வெளிச்சம் கெடுத்துவிட்டதாம். மறுநாள் காலையில் அந்த டிரைவரைக் குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்வார்கள். அன்று முதல் அந்த முடக்குக்கு வந்ததும் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, தடவித் தடவித் திரும்பி, பங்களா மறைந்த பிறகு விளக்கைப் போடுவது பழக்கமாயிற்று. அந்தத் துரை நாடு சுதந்திரம் பெற்றதும் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவரும் போய்விட்டார். இப்போது இருப்பவர் சிங்களவர், இந்த நாட்டுக்காரர். துரைமார் மாறினார்கள், பழக்கம் மாறவில்லை. புது டிரைவர் வந்தால் கிளட்ச் எப்படி, பிரேக் எப்படி என்பதோடு இதையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

காசிம் நானா அணைக்கவில்லை. முதல் தடவை நானும் காரில் இருந்தேன். விளக்கும் எரிந்தது, ஹாரனும் ஒலித்தது. பங்களாக் காவல்காரர் ஓடி வந்து மறித்தார்.

"என்னங்க நீங்க, தொரை பங்களா தெரியலையா?"

"தெரியுது. ரோட்டும் தெரியணும்ல?"

அவருடைய கார் இனிமேல் தோட்டத்துக்குள் வர முடியாது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அதன் காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு தேநீர்க் கடையில் நானா டிரைவர்மாரிடம், நீங்களும் விளக்கை அணைக்காதீர்கள் என்று பேசிப் பார்த்தார். அங்கே சந்தனமும் இருந்தார். "உங்களுக்கென்னங்க நானா, நீங்க டவுன்காரரு. கோவிச்சா லிந்துலைக்குப் போயிருவீங்க. நாங்க எங்க போறது?" என்று சந்தனம் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த நாட்டில் தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டு இல்லை. இருக்கிற லயமும் வேலை இருக்கும்வரைதான். யாரை இங்கே வைத்துக்கொள்வது, யாரைக் கப்பல் ஏற்றி அக்கரைக்கு அனுப்புவது என்று இரண்டு நாட்டு அரசாங்கத்துப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நானா அன்று வாதம் செய்யவில்லை. வெளியே வந்த பிறகு என்னிடம் சொன்னார். "நானும் பயந்துக்கிட்டுத்தான் மிஸ்ஸி ஓட்டுறேன். மழைக்குப் பயம், மாட்டுக்குப் பயம், குடிச்சிட்டு நடுரோட்டுல வர்றவனுக்குப் பயம். பயப்பட வேண்டியது ரோட்டுலயே இவ்வளவு கெடக்கு. இதுல துரைக்கு வேற பயப்பட எனக்கு எடம் இல்ல."

இனி நடந்ததைச் சொல்கிறேன். எனக்குச் சொன்னவர் சந்தனமே.

தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பகலிலேயே போய்த் திரும்ப வேண்டிய லாரி அன்று இருட்டிய பிறகுதான் கீழே இறங்கியது. பங்களா முடக்குக்கு வந்ததும் சந்தனம் வழக்கப்படி விளக்கை அணைத்தார். அந்த நேரம் கீழேயிருந்து நானாவின் ஹாரன் கேட்டது. சந்தனம் நல்ல டிரைவர். ஹாரன் கேட்டதும் லாரியை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். ஆனால் இருட்டில் அவர் ஓரம் என்று நினைத்தது ஓரம் இல்லை. பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. நானா எதிர் வெளிச்சத்தைத் தேடியிருப்பார். மரத்தில் இல்லை, மண்ணில் இல்லை. திரும்பியதும் எதிரே கறுப்பாக லாரி. இடது பக்கம் ஒடித்தார். இடது பக்கம்தான் பள்ளம்.

லாரியில் ஒரு கீறல்கூட இல்லை. அதனால்தான் கவனக்குறைவு நானாவின் தலையில் விழுந்தது.

சந்தனம் செய்தியைச் சொன்னபோது அழ எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பேச்சி வெளுத்துக்கொண்டு வந்தாள். லாரி ஓடுமா என்று கேட்டேன். ஓடும் என்றார். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பேச்சியைத் தூக்கி லாரியின் முன் சீட்டில் என் மடியில் சாய்த்துக்கொண்டேன். வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. சந்தனம் சத்தமாக அழுதுகொண்டே ஓட்டினார். பங்களா முடக்கு வந்தது. லாந்தர்களோடு ஆட்கள் ரோட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நானாவின் காருடைய விளக்கு ஒன்று இன்னும் எரிந்தது. சந்தனத்தின் கை நீண்டது. லாரியின் விளக்கு அணைந்தது.

நான் கத்தினேன். "லைட்டப் போடுங்க! ஆளுங்க நிக்கிறாங்க, கண்ணு அவிஞ்சி போச்சா?" மயங்கிக் கிடந்த பேச்சி அந்தச் சத்தத்தில் கண் விழித்தாள்.

அவர் விளக்கைப் போட்டார். "நான் அணைக்கலீங்க மிஸ்ஸி. கை தானாப் போகுதுங்க. சாமி சத்தியமாத் தானாப் போகுது" என்று விம்மினார். அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. என் இரண்டு கைகளுக்கும் வேறு வேலை இருந்தது.

பேச்சி பிழைத்தாள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் மறுநாள் நானா ஃபாக்டரிக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்வார். வேறு பேச்சு பேச மாட்டார். "தாயும் புள்ளையும்?" என்பார். சுகம் என்றால் அல்ஹம்துலில்லாஹ் என்று வைத்துவிடுவார். அன்று மறுநாள் ஃபாக்டரிப் பக்கம் போகவே எனக்குத் தைரியம் இல்லை. போன் அடித்தால் தாங்க மாட்டேன், அடிக்காவிட்டாலும் தாங்க மாட்டேன்.

அவரைப் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் செய்தார்கள். பெண்கள் அங்கே போவதில்லை. நான் புடவைக்கடை வாசலில் நின்றேன். ஆறுமுகம் தன் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு போனார். விசாரணையில் சந்தனம், பனிங்க, ஒன்னும் தெரியலீங்க என்று மட்டும் சொன்னார். விளக்கை அணைத்தேன் என்று சொன்னால், யாருக்காக என்று கேட்பார்கள். அதற்கு அவர் எங்கே போவார்? நான் எழுந்து பேசினேன். நீங்கள் அந்த இடத்தில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு துரையைப் பார்க்கப் போனேன். மரியாதை தெரிந்த மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, ஆச்சரியம். அப்படி ஒரு உத்தரவே தனக்குத் தெரியாது என்றார். எழுந்து, பழைய துரை படுத்த, முடக்கைப் பார்த்த ஜன்னல் உள்ள அறைக்கு என்னை அழைத்துப் போனார். பூட்டியிருந்தது. சாவி தேடி எடுத்துத் திறந்தார்கள். கால் உடைந்த நாற்காலிகள், பழைய தேயிலைப் பெட்டிகள், தூசி. துரை படுப்பது பங்களாவின் மறு பக்கத்தில். வந்த நாளிலிருந்து இந்த அறையில் யாருமே படுத்ததில்லையாம். நானாவின் விளக்குக்கு ஏன் தண்டனை கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைப் பார்ப்பதற்கு அங்கே ஆளே இல்லை.

காலிப் பெட்டிகளின் தூக்கம் கலையக் கூடாது என்றா இத்தனை வருஷமும் இருட்டில் போனோம்? அந்த வாசலில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு வந்த அழுகையை நிறுத்த முடியவில்லை. துரை தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாளே உத்தரவு போட்டார். காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை அதை வாசித்தார். பங்களா முடக்கில் யாரும் விளக்கை அணைக்கக் கூடாது. நான் ஓரமாக நின்று முகங்களைப் பார்த்தேன். ஒருவர் மற்றவரிடம் மெதுவாகச் சொன்னார், "தொரைக்கு ரொம்பக் கோவம் போல இருக்கு. இனிமே பாத்துப் போகணும்." எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சந்தனத்தைக் கூப்பிட்டு, உத்தரவைக் கேட்டீர்கள்தானே என்றேன். "கேட்டேங்க மிஸ்ஸி. இன்னைக்கிப் போடச் சொல்லுவாங்க. நாளைக்கி யாருடா போட்டதுன்னு கேப்பாங்க. எங்கப்பா காலத்துலருந்து பாக்கிறோம்ங்க" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு மனிதனை எத்தனை காலம் மிரட்டி வைத்திருந்தால், பயப்படாதே என்று சொல்வதும் அவன் காதில் மிரட்டலாக விழும்? காசிம் நானா இந்தக் கேள்விக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

இப்போது நோவு எடுத்த பெண்ணைப் பொழுது சாய்ந்த பிறகு கொண்டுபோக வேண்டுமென்றால் எங்களுக்கு இருப்பது அந்த லாரிதான். லிந்துலையிலிருந்து வேறு கார் வருவதில்லை. நானாவே போய்விட்டார், நாங்கள் எம்மாத்திரம் என்கிறார்கள். ஆகவே நானும் சந்தனமும்தான் போகிறோம். நான் முன் சீட்டில் உட்காருகிறேன். பங்களா முடக்கு நெருங்கும்போது விளக்குச் சுவிட்சின் மேல் என் உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்கிறேன். சந்தனம் வேண்டாம் என்று சொல்வதில்லை. முடக்கில் திரும்பும்போது அவருடைய கை வருகிறது. என் கையின் மேல் பட்டு, சுட்டதுபோல விலகிப் போகிறது. விளக்கு எரிந்தபடியே திரும்புகிறோம். அவருக்கு வேர்த்துப் போகிறது.

காசிம் நானாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சுவிட்சை மூடும் அளவுதான். நான் ஏறாத நாட்களில் அந்த லாரி அந்த முடக்கில் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். என் காம்பராவிலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் அதன் வெளிச்சம் இறங்கிப் போவது தெரியும். பங்களாவுக்குக் கீழே வந்ததும் அந்த வெளிச்சம் இல்லாமல் போகும்.